ஓரறிவுயிர் ஓம்புதலும் உலக நாடுகளின் உடன்பாடும்

ஜினகாஞ்சி எனப் போற்றப்பெறும் திருப்பருத்திக்குன்றத்திற்குச் சென்று திரைலோக்கியநாதரை வழிபட்டுத் திரும்பும் அன்பர்கள், அத்திருக்கோயிலில் உள்ள குரா மரத்தின் அருகே சிறிது நேரம் நின்று வருவது வழக்கம். அம்மரத்தைப் பற்றிய பழம்பாடல் ஒன்று அங்கே கல்லில் பொறிக்கப்பெற்றுள்ளது. அந்த மரம் வளர்ந்து பெருகுவதும் இல்லை, தேய்ந்து சிறுத்துப் போவதும் இல்லை. அதன் நலத்தைக் கண்டு நாடாளும் மன்னனின் ஆட்சி நலத்தை அறியலாம் என்பது அப்பாடலின் கருத்து. முனிவர் மூவரின் நினைவும் அம்மரத்தோடு இணைத்துப் பேசப்படுகிறது.

ஒரு மரம் வாடாமல் நிற்பதே நல்லாட்சிக்குச் சான்று என்று கருதிய நம் முன்னோரின் உள்ளத்தை எண்ணி வியக்கிறோம். ஆயினும் அன்றைய மன்னனுக்கு நாட்டின் எல்லை தெரியும். அவ்வெல்லைக்குள் அவன் செங்கோல் செல்லும். இன்றோ மெக்சிகோ நாட்டில் தோன்றிய ஒரு பூச்சி கடல்களைக் கடந்து கொங்கு நாட்டு மல்பெரித் தோட்டத்தில் வந்து அமர்கிறது. எந்த ஒரு மன்னனின் கோலும், எந்த ஓர் அரசின் ஆணையும் தனித்து அதனைத் தடுக்க இயலாது. ஆகவே உலக நாடுகள் ஒன்றுகூடித் தாவரங்களைக் காக்க உடன்படிக்கை செய்துள்ளன. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம் இம்முயற்சியை எவ்வாறு நோக்க வேண்டும்? இக்கேள்வி எனக்குத் தானாகத் தோன்றியதன்று. ஓர் உழவர் என்னிடம் கேட்டது.

ஓர் உழவரின் வினா

வந்தவாசிப் பக்கம் வேளாண்மை செய்து வாழும் உறவினர் ஒருவர், ஜினாலயத் திருவிழா ஒன்றில் பூசை முடிந்து அமர்ந்திருந்தபோது கேட்டார்: “மாமா, செடிக்கும் உயிர் உண்டு என்கிறீர்கள், பூச்சிக்கும் உயிர் உண்டு என்கிறீர்கள். செடியைக் காப்பாற்றினால் பூச்சி சாகிறது. பூச்சியை விட்டுவிட்டால் செடி சாகிறது. என் குடும்பமும் தவிக்கிறது. நான் எந்தப் பாவத்தைத் தேர்ந்தெடுப்பது?”

இவ்வினாவிற்கு நம் ஆகமங்கள் கூறும் விடையை அவரிடம் சொன்னேன். செடியும் மரமும் தொடுபுலன் ஒன்றே உடைய ஓரறிவுயிர்கள். எறும்பு போன்றவை மூவறிவுடையன; ஈயும் வண்டும் குளவியும் நாலறிவுடையன. இப்பகுப்பு நமக்கு மட்டும் உரியதன்று. உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுக்கும் முறை தொல்காப்பிய மரபியலிலும் காணப்படுவது. உயிர்க்கொலையையும் சங்கல்பி, ஆரம்பி, உத்தியோகி, விரோதி என நால்வகையாக நம்மவர் பிரித்துள்ளனர். கொல்ல வேண்டும் என்று கருதியே கொல்வதாகிய சங்கல்பி இம்சையைச் சிராவகர் அறவே விலக்க வேண்டும். சமைத்தல், பெருக்குதல் முதலிய இல்லறச் செயல்களிலும், உழவு முதலிய தொழில்களிலும், தற்காப்பிலும் நேரும் இம்சைகளை இயன்றவரை குறைத்துக்கொள்ள வேண்டும்.

உழவுத் தொழில் இழிந்ததும் அன்று. கற்பக மரங்கள் அருகிய காலத்தில் மக்களுக்கு உழவைக் கற்பித்தவர் ஆதிபகவனாகிய ரிஷபதேவரே. விஜயநகர அமைச்சரான இருகப்பர் கி.பி. 1387-88இல் திருப்பருத்திக்குன்றத்தில் எடுப்பித்த சங்கீத மண்டபத்தின் மேல்தளத்தில் அப்பெருமானின் வரலாறு ஓவியமாகத் தீட்டப்பட்டிருப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

உறவினர் கேட்டுக்கொண்டார், ஆனால் நிறைவடையவில்லை. “தொழிலால் வரும் பாவம் என்று சொல்லிவிட்டீர்கள். மருந்து அடிக்கும்போது அது சாக வேண்டும் என்று நினைத்துத்தானே மாமா அடிக்கிறேன்?” என்றார். அவருடைய நேர்மை என்னை வாயடைக்கச் செய்தது. அன்று விடை கூற இயலாமல் எழுந்து வந்தேன். பின்னர் நம் மாநிலத்திலேயே நடந்த ஒரு நிகழ்ச்சியை அறிந்தபோதுதான் சிறிது தெளிவு பிறந்தது.

கடல் கடந்து வந்த பூச்சி

2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மரங்களின் இலையிலும் காயிலும் தண்டிலும் வெண்மாவு தூவியது போன்ற ஒரு படிவு காணப்பட்டது. அது பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிகோவும் அதனை அடுத்த நடு அமெரிக்காவும் அதன் தாயகம். அங்கே அதனை உண்டு வாழும் இயற்கைப் பகைகள் உள்ளமையால் அது பெருந்தீங்காக மாறவில்லை. 1990களில் கரீபியன் தீவுகளுக்குப் பரவியது. பின்னர்ப் பசிபிக் தீவுகளையும், 2008 அளவில் இந்தோனேசியா, இலங்கை, இந்தியா ஆகிய நாடுகளையும் அடைந்தது. அதற்குக் கடலைக் கடக்கும் சிறகில்லை. பெண் பூச்சிக்குச் சிறகே கிடையாது. மனிதர் கொண்டுசென்ற செடியோடும் கனியோடும் அது சென்றது.

தமிழ்நாட்டில் பப்பாளியோடு அது நிற்கவில்லை. மல்பெரி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி எனப் பல செடிகளைப் பற்றியது. களையாக மண்டிக் கிடக்கும் பார்த்தீனியத்திலும் தங்கி வாழ்ந்தது. உழவர்கள் மீண்டும் மீண்டும் பூச்சிக்கொல்லி தெளித்தனர். உடலை மூடிய மெழுகுப் பொடி அப்பூச்சிக்குக் கவசமாயிற்று. அதனை உண்ணக்கூடிய பொறிவண்டும், தேனீயும், சிலந்தியும் மடிந்தன. மல்பெரி பயிரிட்டோர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. மருந்து தெளித்த இலையைப் பட்டுப்புழு உண்ண இயலாது. தெளிக்காவிடில் இலையே இல்லை. பலர் தோட்டங்களையே அழித்தனர்.

இந்நிலையில் நாடுகள் கைகொடுத்தன. மாவுப்பூச்சியின் தாயகப் பகுதிகளில் முன்னரே கண்டறியப்பட்டிருந்த ஒட்டுண்ணிக் குளவிகள் மூன்று இனங்களை, அமெரிக்க வேளாண்துறையின் உதவியால் 2010 ஜூலையில் புவேர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவந்தனர். இன்று தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் எனப் பெயர் பெற்றுள்ள நிறுவனம் அவற்றைத் தனிக்காப்பில் வைத்து, பிற உயிர்களுக்கு ஊறு நேருமா என்று ஆராய்ந்தது. பின்னர் அவை தமிழ்நாட்டு வயல்களில் விடப்பட்டன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி உழவர்க்கு வழங்கியது. அவற்றுள் பெரும்பயன் அளித்த அசெரோபேகஸ் பப்பாயே என்னும் குளவி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த உருவினது. சில மாதங்களில் மாவுப்பூச்சி கட்டுக்குள் வந்தது. மருந்து தெளிப்பும் நின்றது.

இதுபோன்ற உதவி மற்றொருமுறையும் நமக்குக் கிட்டியது. 2020இல் கேரளத்தில் காணப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, சேலம், நாமக்கல் பகுதிகளின் மரவள்ளியைத் தாக்கியது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த அப்பூச்சி 1970களிலேயே ஆப்பிரிக்காவிற்குள் நுழைந்து, மரவள்ளியை அன்றாட உணவாகக் கொண்ட கோடிக்கணக்கான மக்களை அச்சுறுத்தியது. 1981இல் பராகுவே நாட்டில் அதன் ஒட்டுண்ணிக் குளவி கண்டறியப்பட்டு ஆப்பிரிக்க நாடுகளில் பரப்பப்பட்டது. அப்பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரன் என்னும் அறிஞருக்கு 1995இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. அதே குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து பெற்று, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வெளியிட்டனர். கந்தமூலம் விலக்கும் விரதியர்க்கு மரவள்ளி உணவன்று. எனினும் அதனைப் பயிரிட்டு வாழும் எளிய குடும்பங்களின் துயர் தீர்ந்ததில் நமக்கும் மகிழ்ச்சி இருக்க வேண்டும். உயிர்கள் ஒன்றற்கொன்று உதவியாய் வாழ்வன என்னும் தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்திற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

வேண்டும் என்றே சொல்லத் தோன்றுகிறது. ஏனெனில் அந்தக் குளவி செய்வதும் கொலையே. மாவுப்பூச்சியின் உடலுக்குள் அது முட்டையிடுகிறது. பிறக்கும் குஞ்சு அவ்வுடலை உள்ளிருந்தே தின்று வெளிவருகிறது. ஓரறிவுயிரைக் காப்பதற்காக நாலறிவுயிரை ஏவி மற்றோர் உயிரைக் கொல்லச் செய்வதை அகிம்சை என்று பெயரிட்டு அழைப்பது பொய்யாகும். மருந்து தெளிப்பதைவிட இம்சை மிகக் குறைவு என்று கூறலாம்; தேனீயும் சிலந்தியும் பிழைத்தன என்று கூறலாம்; உழவன் நாள்தோறும் கொலையை எண்ணி வயலுக்குச் செல்லும் நிலை நீங்கியது என்றும் கூறலாம். இவை யாவும் உண்மை. இம்சையே இல்லை என்று மட்டும் கூறலாகாது.

அப்படியாயின் என் உறவினரின் வினாவிற்கு விடை எங்கே? அவருடைய வினா பிழையானதன்று. காலம் கடந்து எழுந்தது. பூச்சி வயலுக்கு வந்துவிட்ட பிறகு எந்த வழியில் சென்றாலும் ஏதேனும் ஓர் உயிர்க்குத் துன்பம் நேர்ந்தே தீரும். அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இப்பூச்சியை இங்கே சுமந்து வந்தவர் யார்? தன் தாயகத்தில் தன் வினைப்படி வாழ்ந்துகொண்டிருந்த ஒரு சிற்றுயிரை, அது கேட்காமலே கடல் கடக்கச் செய்து, பிறகு அதையே பகை என்று கூறி அழிக்கிறோம். செடியின் அழிவு, பூச்சியின் அழிவு, உழவனின் இழப்பு ஆகிய மூன்றிற்கும் வேர் ஒன்றே. அதனை நம் நூல்கள் பிரமாதம் என்னும், அதாவது விழிப்பின்மை.

பொன்னூர் மலையில் தவமியற்றியதாக நம் மரபு போற்றும் ஆசாரிய குந்தகுந்தர், பிரவசனசாரத்தில் இதனை ஐயத்திற்கிடமின்றி விளக்கியுள்ளார். உயிர் இறந்தாலும் இறவாவிட்டாலும் விழிப்பின்றி நடப்பவனுக்கு இம்சை உறுதி. முறைப்படி விழிப்போடு நடப்பவனுக்கு, நேர்ந்துவிட்ட ஊறு ஒன்றினாலேயே வினைக்கட்டு உண்டாவதில்லை என்பது அப்பெருமானின் கருத்து. எத்தனை உயிர் இறந்தது என்று எண்ணிப் பார்த்து அளவிடும் கணக்கு அன்று இது. உள்ளத்தின் விழிப்பைக் கொண்டு அளவிடும் முறை.

இவ்விடத்தில் என் குற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் அயல்நாட்டிலுள்ள மகள் வீட்டிலிருந்து திரும்பியபோது, அவள் தோட்டத்துச் செம்பருத்தியின் கொம்பு ஒன்றை ஈரத்துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். அடுக்கு அடுக்காய்ப் பூக்கும் அந்த மலர் பகவானின் பூசைக்கு ஆகும் என்பதே என் எண்ணம். விமான நிலையத்தில் தந்த படிவத்தில், செடியோ விதையோ கொண்டுவந்துள்ளீரா என்ற வினாவிற்கு இல்லை என்று குறித்தேன். அக்கொம்பு வேரூன்றி நன்றாகவே பூக்கிறது. அதில் பூச்சி எதுவும் இன்றுவரை காணப்படவில்லை. ஆகவே தீங்கொன்றும் இல்லை என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். குந்தகுந்தரின் அளவுகோலை வைத்துப் பார்த்தபோது, வாய்மை விரதமும் கொல்லாமை விரதமும் ஒரே கையெழுத்தில் தவறியிருப்பது விளங்கிற்று. உயிர் எதுவும் இறவாமை என் பேறு. என் அறம் அன்று.

உடன்படிக்கையும் சமிதியும்

நம் முனிவர்கள் கடைப்பிடிக்கும் ஐந்து சமிதிகளுள் ஆதான நிட்சேபண சமிதி என்பது ஒன்று. எந்தப் பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும், அங்கே சிற்றுயிர் உண்டா என்று நோக்கி, மயிற்பீலியால் மென்மையாக விலக்கிய பின்னரே எடுத்து வைக்கும் ஒழுக்கம் அது. ஒரு கமண்டலத்தை வைப்பதற்கே இத்தனை விழிப்பு என்றால், ஆயிரக்கணக்கான கப்பல்களில் பொருளை ஏற்றி இறக்கும் உலகத்திற்கு எத்தனை விழிப்பு வேண்டும்?

உலகம் இதனைத் துன்பப்பட்டே கற்றது. 1869இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் காணப்பட்டது. சில பத்தாண்டுகளில் காப்பிப் பயிரே அழிந்து தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. அத்தோட்டங்களை நம்பிச் சென்ற தமிழ்த் தொழிலாளர் பட்ட துயர் சிறிதன்று. அக்காலத்திலேயே அமெரிக்காவிலிருந்து சென்ற ஒரு பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. அதனைத் தடுக்க 1878இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் சில நாடுகள் செய்த ஒப்பந்தமே இவ்வகை உடன்பாடுகளுக்கு முன்னோடி. இந்தியாவில் 1914இல் அழிவு தரும் பூச்சிகள், நோய்கள் பற்றிய சட்டம் இயற்றப்பட்டது. 1951இல் உலக உணவு வேளாண்மை அமைப்பின் கீழ்ப் பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கை உருவாயிற்று. இந்தியா தொடக்கத்திலேயே அதில் சேர்ந்தது. இன்று 180க்கும் மேற்பட்ட நாடுகள் உறுப்பாக உள்ளன. ஆண்டுதோறும் உலகின் பயிர் விளைச்சலில் 40 விழுக்காடு வரை பூச்சிகளாலும் நோய்களாலும் அழிகிறது என்று அவ்வமைப்பு மதிப்பிடுகிறது. 2020ஆம் ஆண்டைத் தாவர நல ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. மே 12ஆம் நாள் இப்போது பன்னாட்டுத் தாவர நல நாளாகக் கொள்ளப்படுகிறது.

அவ்வுடன்படிக்கை கேட்பது எளிய ஒன்றே. அனுப்பும் நாடு தன் செடியையும் விதையையும் ஆராய்ந்து சான்றிதழ் தரவேண்டும். பெறும் நாடு மீண்டும் நோக்க வேண்டும். தன் நாட்டில் புதிய பூச்சி காணப்பட்டால் மறைக்காமல் பிற நாடுகளுக்கு அறிவிக்க வேண்டும். எடுக்கும்போதும் நோக்கு, வைக்கும்போதும் நோக்கு என்னும் சமிதியையும், குற்றத்தை மறைக்காமல் எடுத்துரைக்கும் ஆலோசனையையும் இதில் காண்கிறோம்.

திக்விரதத்தையும் இங்கே நினைத்தல் தகும். இத்திசையில் இவ்வளவு தூரத்திற்கு அப்பால் செல்லேன் என்று சிராவகர் எல்லை வகுத்துக்கொள்வது எதற்காக? அவ்வெல்லைக்கு அப்பாலுள்ள உயிர்களுக்கேனும் நம்மால் ஊறு நேராதிருக்கட்டும் என்பதற்காகவே. நம் உடல் ஊரைவிட்டு நகராவிட்டாலும் நாம் வாங்கும் பொருள் பத்துத் திசைகளிலிருந்தும் வருகிறது. அவ்வகையில், எல்லையற்ற வணிகத்திற்கு ஓரளவேனும் எல்லை கட்டும் உடன்படிக்கையைத் திக்விரதத்தின் நிழல் எனலாம்.

நிழல் என்றே சொல்ல வேண்டும்; உருவம் அன்று. இவ்வுடன்படிக்கை பிறந்தது இரக்கத்தால் அன்று, இழப்பு நேரும் என்ற அச்சத்தால் என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானதே. ஏற்றுமதிக்குரிய மரப்பெட்டிகளை 56 பாகை வெப்பத்தில் அரைமணி நேரம் காய்ச்ச வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. மயிற்பீலி சிற்றுயிரை விலக்குகிறது, இவ்வெப்பமோ கொல்கிறது. பாவ அகிம்சை வேறு, திரவிய அகிம்சை வேறு என்று நம் நூல்கள் பிரித்துக் கூறும். நாடுகள் செய்வது புறச்செயலாகிய ஒன்று. அதற்குள் இருக்க வேண்டிய உள்ளத்தை அரசாணையால் தர இயலாது. அதனை அறவோர்தாம் தரவேண்டும்.

பட்டைப் பற்றி ஒரு சொல்

மல்பெரி பிழைத்ததைக் கூறிய பின், பட்டுப்புழு பிழைத்ததா என்று கேளாமல் செல்வது முறையன்று. காஞ்சியின் தறிகளில் நெய்யப்படும் ஒவ்வொரு பட்டுச்சேலைக்கும் ஆயிரக்கணக்கான கூடுகள் வெந்நீரில் இடப்படுகின்றன. உலக நாடுகள் கூடிக் காத்த இலையை உண்ட புழு, இறுதியில் அவ்வாறு மடிகிறது. நெசவாளர் நம் அண்டை அயலார். அவர் உழைப்பை இகழ்வது நம் நோக்கமன்று. செடியைக் காத்துவிட்டதால் அகிம்சை நிறைவேறிவிட்டதாக எண்ணலாகாது என்பதற்கே இதனைக் கூறினேன். எதற்காகக் காக்கிறோம் என்ற கேள்வி, காத்த பின்னும் நம்மைத் தொடர்ந்து வரும். பருத்தியின் பெயரைத் தாங்கிய திருத்தலத்திற்குச் செல்லும்போது பருத்தியாடை உடுத்திச் செல்வோமே என்று நம் பெண்மணிகள் சிலர் கருதுவது இக்கேள்விக்கு அவரவர் அளவில் தரும் விடையாகும்.

நாம் செய்யத்தக்கது

அடுத்த திருவிழாவில் அவ்வுறவினரைக் கண்டபோது இவற்றையெல்லாம் கூறினேன். “வந்த பூச்சியை என்ன செய்வது என்று நான் கேட்டேன், வராமல் இருக்க என்ன செய்வது என்று நீங்கள் சொல்கிறீர்கள்” என்றார். ஆம், அதுவே நான் கண்ட விடை. வந்துவிட்டால், முதலில் நின்று நோக்குக. இயற்கைப் பகைகள் இருக்கின்றனவா என்று பார்க்க. வேளாண் அலுவலரைக் கேட்க. மருந்தை இறுதிக்கு ஒதுக்குக. நேர்ந்த இம்சைக்கு வருந்துக. அவ்வருத்தம் இருக்கும் வரை அவர் கொலையை விரும்பியவர் ஆகார்.

நம் பிள்ளைகள் இன்று பல நாடுகளில் வாழ்கின்றனர். பெற்றோர் போவதும் வருவதும் பெருகிவிட்டன. விதை, கொம்பு, மண், கனி, மலர்மாலை ஆகியவற்றை உரிய அனுமதியும் சோதனையும் இன்றி எல்லை கடந்து எடுத்துச் செல்வதில்லை; படிவத்தில் உண்மையே எழுதுவது என்று ஒரு சிறு நியமத்தைத் தசலட்சண பருவத்தில் நாம் ஏற்கலாம். பகவானின் பெயரால் கொண்டுவருவதாயினும் விலக்கில்லை. செலவில்லாத விரதம் இது. உண்ணாநோன்பு இயலாத முதியோரும் ஏற்கத்தக்கது.

அந்தக் குரா மரம் ஒரு மன்னனின் செங்கோலுக்குச் சான்றாக நின்றது என்று கண்டோம். அடுத்தமுறை அதன் அருகே நிற்கும்போது, நம் ஒவ்வொருவரின் பெட்டியும் கையெழுத்தும் அதன் நலத்திற்குப் பொறுப்பு என்பதை எண்ணுவோமாக. செம்பருத்திக் கொம்பைச் சுமந்து வந்த நான் அவ்வாறே எண்ணி, எல்லா உயிர்களிடமும் பொறை வேண்டுகிறேன்.

அறவாழி அந்தணன் அருள் ஓங்குக!